கொழுந்து மலையில் இரத்தம் குடிக்கும் இரண்டு உயிர்கள்

மழை பிடித்துவிட்டால் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்துக் காட்டோரத் தோட்டங்களில் அட்டை எழும்பிவிடும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலையேறுவார்கள். சிலர் உப்பும் சுண்ணாம்பும் கொண்டுபோவார்கள். அப்படியும் கடி வாங்கி, இரத்தம் நிற்காத காலோடு வந்து "டொக்டர், இதுல விஷம் ஏறுமா?" என்று கேட்பவர்களை மலையகத்தில் வேலை செய்யும் எந்த வைத்தியரும் பார்த்திருப்பார். அதே காலின் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழுவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது உயிர்தான்.

முதலில் அட்டையைப் பார்த்துவிடுவோம். அது மண்புழுவுக்கு உறவு. வளையம் வளையமான உடம்பு. எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஈரமான தோலால்தான் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் செத்துவிடும் என்பதால் வெயில் நாட்களில் சருகுக்கடியில் கிடந்து, மழைக்குத்தான் வெளியே வரும். நிலத்தின் அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சு, விழும் நிழல் இவற்றை வைத்து நம் பக்கம் திரும்பும்.

வாயிலுள்ள சிறு தாடைகளால் தோலைக் கீறி, இரத்தம் உறையாமலிருக்க உமிழ்நீரைச் செலுத்துகிறது. மருத்துவ அட்டையிலிருந்து எடுத்த சாறு இரத்தத்தை உறையவிடாது என்று ஜோன் ஹேக்ராஃப்ட் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1884இல் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயர் வந்தது. இரத்தம் உறையத் தேவையான திரொம்பினை அது கட்டிப்போடுகிறது. நம் மலை அட்டையின் உமிழ்நீருக்கும் இரத்தத்தை உறையவிடாத குணம் உண்டு. அட்டை விழுந்த பிறகும் நெடுநேரம் இரத்தம் கசிவது அதனால்தான், விஷத்தால் அல்ல. காயத்தைக் கழுவி, சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தால் போதும்.

பிடித்திருக்கும் அட்டைக்கு உப்புப் போடுவதும் நெருப்பு வைப்பதும் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். துன்பப்படும் அட்டை, குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். அதன் குடலில் உள்ள கிருமிகளும் கூடவே வரும். மெல்லிய முனைதான் அதன் தலை. அந்த முனைக்கு அடியில் விரல் நகத்தைப் படுக்கையாக நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள், பிடி விடும். அப்புறம் மறுமுனையையும் அப்படியே.

பிள்ளைகள் ஓடைத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்தால், மூக்குக்குள் போய்த் தங்கும் வேறொரு நீர் அட்டையும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடிக்கடி இரத்தம் வந்தாலோ, உள்ளே ஏதோ நெளிகிறது என்று பிள்ளை சொன்னாலோ, வீட்டில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

சரி, கொக்கிப்புழுவுக்கு வருகிறேன்.

நம் பகுதியில் காணப்படும் கொக்கிப்புழுவான நெக்கேற்றர் வகையின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். அது சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு பல வருடம் வாழும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை குடலுக்குள் பொரிக்காது. மலத்தோடு வெளியே வந்து, சூடும் ஈரமும் நிழலும் உள்ள பொசுபொசுப்பான மண்ணில் விழ வேண்டும். விழுந்தால் ஓரிரு நாளில் பொரித்து, 5 முதல் 10 நாளில் தோலைத் துளைக்கும் குடம்பியாகிவிடும் (குடம்பி என்பது இளம்புழு). வசதியான மண்ணில் அது 3, 4 வாரம் உயிரோடு காத்திருக்கும். தேயிலைச் செடிக்கடி மண்ணை நினைத்துப் பாருங்கள். நிழல், சருகு, ஈரம் எல்லாமே அங்கே இருக்கின்றன. நுவரெலியா உச்சியின் குளிர் இந்தக் குடம்பிக்கு ஒத்துவராது. கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சூடு நன்றாக ஒத்துவரும்.

வெறுங்கால் பட்டதும் குடம்பி தோலுக்குள் போய்விடும். விரலிடுக்கில் இரண்டொரு நாள் அரிப்பும் சிறு தடிப்பும் இருக்கும். பலர் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அங்கிருந்து இரத்தத்தோடு இதயம், நுரையீரல், மூச்சுக்குழாய் என்று ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. கண்ணும் எலும்பும் இல்லாத ஒரு புழு இவ்வளவு தூரம் வழி தவறாமல் வருவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

ஒரு புழு நாளுக்கு எடுக்கும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலீற்றர். கேட்டால் ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. அட்டை ஒருமுறை குடித்துவிட்டு விழுந்துவிடும். இது தினமும் எடுக்கும். 3 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் ஈர்த்துக்கொள்வதே 1, 2 மில்லிகிராம்தான். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் கண்ட பெண்ணுக்கு இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்? இதில் ரொட்டியோடு சேர்த்தே சாயத் தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் வேறு. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்பைக் குடல் ஈர்ப்பதைக் குறைக்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள்.

கொழுந்துப் பையோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது, அரிசியையோ மண்ணையோ தின்னத் தோன்றுவது, எழும்பினால் தலைசுற்றுவது. இதெல்லாம் வயதாலும் வேலையாலும் வருவதென்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக உழைப்பவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அது சோம்பலுமல்ல, விதியுமல்ல. குருதிச்சோகையாக இருக்கலாம், அதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று இந்தப் புழு.

பூச்சிக் குளிசை நல்ல மருந்து. அதிலுள்ள மெபெண்டசோல் என்ற மருந்து புழுக்களைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், கர்ப்பிணித் தாய்மாருக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கிளினிக்கில் கொடுக்கிறோம். வீட்டிலுள்ள அப்பாவும் தாத்தாவும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்று பிள்ளையை அடிப்பதில் பயனில்லை. முட்டையோ குடம்பியோ வெளியிலிருந்து வராமல் வயிற்றில் புழு உண்டாகாது.

ஆனால் குளிசை மண்ணிலுள்ள குடம்பியை ஒன்றும் செய்யாது. அமெரிக்காவின் ரொக்கஃபெல்லர் அறநிறுவனம் 1916இல் மாத்தளைப் பக்கம் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோதும் மருந்து கொடுத்தார்கள்; மலசலகூடம் போதாத தோட்டங்களில் மக்களுக்குத் திரும்பவும் புழு வந்தது. இன்று லயங்களில் நிலைமை எவ்வளவோ மேல். மலையில்தான் குறை. எட்டு மணித்தியாலம் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடமில்லாவிட்டால் அவள் செடி மறைவுக்குத்தான் போவாள். மறுநாள் அவளோ அவளது தோழியோ அதே நிறையில், அதாவது அதே செடி வரிசையில், வெறுங்காலோடு நிற்பாள். செருப்புப் போடச் சொல்வது சுலபம். சரிவில் ஈரச் செருப்பு வழுக்கும், வெறுங்கால்தான் பிடிமானம் என்று அவர்கள் சொல்வது உண்மை. பிடிப்புள்ள சப்பாத்தும் மலைக்கு அருகில் தண்ணீரோடு ஒரு மலசலகூடமும் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. இதைத் தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

களைப்பு விடாமலிருந்தால் இரத்தப் பரிசோதனையோடு மலப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாதிரியை மூடியுள்ள போத்தலில் அன்று காலையிலேயே எடுத்து, அன்றே கொண்டுவாருங்கள். முதல் நாள் எடுத்து வைத்தால் முட்டைகள் பொரித்துவிடும், பார்ப்பவருக்கு அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும். கொக்கிப்புழு இருப்பதாகச் சொன்னால், அதே வீட்டில் இருக்கும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.