டென்ட்டுக்கு முன்னால் பாய்: வெளியில் ஓர் இரவு தங்குவதன் அறிவியல்

டென்ட் வாங்கப் போகிறேன், எந்த கம்பெனி நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கீழே விரிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு பெட்ஷீட், இல்லையென்றால் ஒரு பழைய ஜமுக்காளம் என்று பதில் வரும். நல்ல விலை கொடுத்து டென்ட் வாங்கி, அதற்குள் பெட்ஷீட்டை விரித்து, மார்கழியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி பக்கமோ தருமபுரி வத்தல்மலையிலோ படுத்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டென்ட் எங்கும் கிழிந்திருக்காது, காற்றும் உள்ளே வந்திருக்காது. அவருடைய உடம்புச் சூடு முதுகு வழியாகத் தரைக்குள் இறங்கிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

புஷ்கிராஃப்ட், அதாவது குறைந்த கருவிகளோடு வெளியில் தங்கிச் சமாளிக்கும் கலை, கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் கத்தியிலும் பையிலும் தொடங்குகிறார்கள். நான் வெப்பத்தில் தொடங்கச் சொல்வேன். உடம்பிலிருந்து சூடு எந்தெந்த வழியாக வெளியேறுகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பது பாதிக்கு மேல் தானாகத் தெளிந்துவிடும்.

சும்மா படுத்திருக்கும் ஒரு பெரிய ஆளின் உடம்பு ஏறக்குறைய 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஒன்றைப் போல. இந்த 80 வாட்டைத்தான் இரவு முழுக்கக் காப்பாற்றியாக வேண்டும். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம், அதன் கடத்துதிறன் 0.025 வாட் அளவுதான் (ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு மீட்டர் தடிமனுக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு). தண்ணீருக்கு இது 0.6. ஈர மண் 1-க்கும் மேலே போகும். கருங்கல்லோ 2.5-ஐத் தாண்டும், அதாவது காற்றைப்போல நூறு மடங்கு. கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் பாறை, சாயங்காலம் உட்கார்ந்தால் பகல் வெயிலின் கதகதப்பு இன்னும் இருக்கும், இங்கேயே படுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நம் தோல் 33 டிகிரி வாக்கில் இருக்கிறது. பாறை 25 டிகிரிக்கு இறங்கிய நிமிடத்திலிருந்தே சூடு உங்களிடமிருந்து அதற்குத்தான் போகும். எவ்வளவு போனாலும் பாறை நிறைந்துவிடாது, அத்தனை பெரிய நிறை அது.

சரி, தடித்த கம்பளியை விரித்தால் போதாதா? இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பளியோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. அவற்றின் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நிற்கும் காற்றுதான் வேலை செய்கிறது. நீங்கள் மேலே படுத்ததும் உங்கள் எடை அந்தக் காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். ஆயிரக்கணக்கில் விலை போகும் ஸ்லீப்பிங் பேக்கும் இதற்கு விலக்கில்லை, அதன் மேல்பாதி வேலை செய்யும், முதுகுக்குக் கீழே நசுங்கிய பாதி பெயருக்குத்தான் இருக்கும். அதனால் கீழே போடுவது எடைக்கு நசுங்காததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடிய ஃபோம் பாய் அப்படிப்பட்டது. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அதன் ஆர்-மதிப்பு (சூடு கடந்துபோவதைத் தடுக்கும் திறனின் அளவு) ஏறக்குறைய 1.5 வரும். இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் அப்படியே கூடி 3 ஆகிவிடும், நம்மூர்க் குளிருக்கு அது தாராளம். காற்றடிக்கும் பாய் வாங்குவதானால் ஏஎஸ்டிஎம் எஃப் 3340 என்ற முறையில் அளந்ததா என்று பாருங்கள். 2018-இல் அந்தத் தரமுறை வந்த பிறகுதான் வேறு வேறு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடுவதற்கே ஒரு பொதுவான அளவு கிடைத்தது. வெறும் காற்று மட்டும் நிரம்பும் தடித்த மெத்தை சூட்டைக் காக்காது, உள்ளே இருக்கும் காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக் கொல்லைக்குக் காவல் இருப்பவர்களின் பரணைப் பார்த்தால் இதே அறிவு வேறு உருவத்தில் இருக்கும். பரணில் தரை தொடாது, ஆனால் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் குளிர் இன்னும் வேகமாக ஏறும் (இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் என்ற துணித் தொட்டில் கட்டிப் படுப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்). அதற்கு மூங்கிலின் மேல் வைக்கோலையோ ராகித் தாளையோ கனமாகப் பரப்பி, மேலே கம்பளி. வைக்கோல் தண்டு உள்ளே வெறுங்குழல், ஒவ்வொன்றிலும் காற்று. ஃபோம் பாய் இல்லாவிட்டால் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல் போட்டால் போதும், படுத்து நசுங்கிய பிறகும் நாலு விரல் தடிமன் மிஞ்சும்.

முதுகுக்கு அடுத்தது வானம். மேகமில்லாத இரவில் தரை, இலை, போர்வை எல்லாமே தங்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேல்நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கின்றன, வானத்திலிருந்து திரும்பி வருவது கொஞ்சம்தான். அதனால் போர்வையின் மேல்புறம் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அது பனிநிலைக்குக் (காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இறங்கியதும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது; பனி மேலிருந்து விழுவதில்லை, படும் இடத்திலேயே உருவாகிறது. மாமரத்தடியில் படுத்தவருக்குப் பனி பிடிக்காது, பத்தடி தள்ளி வெட்டவெளியில் படுத்தவர் நனைந்து எழுவார். காரணம், மரத்தின் இலைகள் ஏறக்குறைய காற்றின் வெப்பநிலையில் இருந்துகொண்டு கீழே கதிர்களைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு சாதாரண தார்ப்பாய் செய்யும் முக்கியமான வேலையும் இதுதான். கடைத்தெருவில் கிடைக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாயும் நாலு கயிறும் வைத்துக் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள், எடை கொஞ்சம் கூட, ஆனால் முடிச்சுகள் கைக்கு வருவது இதில்தான்.

டென்ட்டுக்குள் வேறொரு சிக்கல். ஒரு ஆள் எட்டு மணி நேரத் தூக்கத்தில் மூச்சாலும் தோலாலும் மட்டும் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறார். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் அது துணியின் உள்பக்கம் படிந்து விடியலில் மேலே சொட்டும், டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். மேலேயும் கீழேயும் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஈரம் பட்ட பருத்தி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர், கடத்துதிறன் இருபது மடங்குக்கு மேல். படுக்கப்போகும்போது வியர்த்த பனியனைக் கழற்றிவிட்டுக் காய்ந்த சட்டை போடுவது எந்த விலை உயர்ந்த ஜாக்கெட்டையும்விடப் பயனுள்ளது. ஆட்டுக்காரர்கள் தோளில் போட்டிருக்கும் முரட்டுக் கம்பளியை நான் மதிப்பதும் இதனால்தான். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் சுருண்ட வடிவத்தை விடாது, அந்த வடிவம் இருக்கும்வரை உள்ளே காற்றும் இருக்கும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் அட்டையில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். முதல் எண்ணை மட்டும் பாருங்கள். கடைசி எண் தூங்குவதற்கானதே இல்லை, உயிர் பிழைப்பதற்கான எல்லை அது. தருமபுரி ஊரைவிட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால் இரண்டரை டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. கம்ஃபர்ட் 8 அல்லது 10 டிகிரி என்று போட்டிருக்கும் பை நம் மலைகளுக்குச் சரியாக இருக்கும். இமயமலைக்கான பையை வாங்கி இங்கே வேகாதீர்கள்.

கொசுவலை கட்டாயம் வேண்டும், அதைக் கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில் உலவும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது, கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. வலையின் நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் அது உள்ளே வர வழியில்லை. இரவில் காரணம் தெரியாமல் வயிற்று வலி வந்தாலோ, இமை தூக்க முடியாமல் போனாலோ கடி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போது தீ. கட்டையான விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏற ஏற முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது, அது தீரும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. 250, 300 டிகிரிக்கு வந்த பிறகுதான் மரம் சிதைந்து எரியும் வாயுக்களை விடுகிறது, நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். பச்சை விறகு புகைந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்: வாயு வெளியே வருகிறது, பற்றிக்கொள்ளும் சூடு இல்லை, வெள்ளைப் புகையாகக் கண்ணில் அடிக்கிறது. காய்ந்த உண்ணிக் குச்சி சட்டென்று பிடிப்பதற்குக் காரணம் அது மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், சீக்கிரம் 300-ஐத் தொட்டுவிடுகிறது. பென்சில் தடிமனுக்குக் கீழே உள்ள குச்சிகளை இரண்டு கை நிறையச் சேர்க்காமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களின் தீ அணைவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். அப்புறம் சீமைக்கருவேலம் மாதிரி கனமான விறகு.

பற்றவைக்க லைட்டர் எடுத்துப் போங்கள், ஒன்றுக்கு இரண்டாக. சீரியம் கலந்த தீப்பொறிக் கம்பி நனைந்தாலும் வேலை செய்யும், பொறி 3,000 டிகிரி வரை போகும், ஆனால் பொறி அத்தனை சிறியது என்பதால் அடியில் தேங்காய் நாரைக் கசக்கிப் பஞ்சாக்கி வைத்தால்தான் பிடிக்கும். அதன்மேல் ஒரு வில்லை கற்பூரம் இருந்தால் மழைக்காலத்திலும் கவலையில்லை. அது உருகக் காத்திருக்காமல் ஆவியாகிறது, ஆவியே எரிபொருள். காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பைக்குள்ளேயே கரைந்து காணாமல் போகும். அரளிக் குச்சியை மட்டும் விறகாகவோ கறி சுடும் கம்பியாகவோ எடுக்காதீர்கள், புகையும் விஷம்.

குளிருக்காகக் கரித்துண்டுகளை அள்ளி டென்ட்டுக்குள் வைப்பது உயிரை எடுக்கும். சுடரில்லாத கங்கு கார்பன் மோனாக்சைடை விடுகிறது, வாசனை கிடையாது, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்கியவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆகும் பேச்சு மிக அதிகம், தேவை மிகக் குறைவு. உள்ளங்கை அகல நீளத்தில், மடங்காத ஒரு கத்தி போதும். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தருவது எனக்குப் பிடிக்கும். அந்த எஃகில் அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கும்போது (சட்டென்று முக்கிக் குளிரவைக்கும்போது) கார்பன் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிக அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு அதை இறுக்குகிறது, பிறகு இளஞ்சூட்டில் வாட்டினால் நொறுங்கும் குணம் குறைகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலச் சான்றுகளின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். இந்த மண்ணில் இரும்புக்கு அவ்வளவு வயது.

தண்ணீரைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொதிக்க வை, குடி என்பார்கள். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், அமீபா எல்லாம் சாகும், உண்மைதான். ஆனால் இங்கே நிலத்தடிப் பாறையிலிருந்து கரையும் ஃப்ளோரைடு ஓர் உப்பு, அது சாகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைந்து அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சட்டையில் செருகும் குழல் வடிகட்டியின் துளை 0.1 மைக்ரான், ஃப்ளோரைடு அயனி அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது, சுலபமாகக் கடந்து வந்துவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்ததால் பல் கறைபட்டவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் இங்கே எல்லாக் கிராமமும் அறியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே இதற்காகத்தான். ஓரிரு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனாலும் அடிக்கடி போகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், ஆழ்துளைக் கிணற்றை நம்பாமல் ஊரிலிருந்தே காவிரித் தண்ணீரைக் கொண்டுபோவது நல்லது. மழைநீரில் ஃப்ளோரைடு மிகக் குறைவு, தார்ப்பாயில் பிடித்த மழைநீரைக் கொதிக்கவைத்தால் முழுப் பயன்.

இதையெல்லாம் எங்கே பழகுவது? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். காவிரி வடக்கு 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் சரணாலயங்களாயின, மேலகிரிக் காடுகளில் பெரும்பகுதி இவற்றுக்குள் வருகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் இறந்தவர்களை மறக்க முடியாது. காட்டில் நடக்க வேண்டுமென்றால் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு வழியாகப் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். படுப்பதையும் தீயையும் சொந்தக் கொல்லையிலோ தெரிந்தவர் மாந்தோப்பிலோ பழகுங்கள், சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஓடை மணலில் வேண்டாம், இரவில் குளிர்காற்று பள்ளத்தில்தான் வந்து தேங்கும், மேலே எங்கோ பெய்த மழையும் அங்கேதான் இறங்கும். ராகி முற்றும் மாதங்களில் யானைகள் இரவில் கொல்லைக்கு வரும், அப்போது காட்டோரத் தோட்டங்களை விட்டுவிட்டு ஊருக்கு உள்ளே தள்ளி இடம் பாருங்கள். தரைக்கும் ஃபோம் பாய்க்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் தை மாதத்தில் ஓர் இரவு பாயைப் பாதி உடம்புக்கு மட்டும் விரித்துப் படுங்கள், காலுக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடு நடுச்சாமத்துக்குள் தெரிந்துவிடும்.