மாட்டுச் சந்தை ஏலம் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் பாருங்கள்

"சந்தையை ஏலம் எடுத்துட்டேன்" என்று ஊரில் சொல்வார்கள். எடுத்தது சந்தையை அல்ல, சுங்கம் வசூலிக்கும் உரிமையை. அதுவும் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இடம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என ஏதோ ஒரு உள்ளாட்சியுடையதுதான். சொந்த நிலத்தில் தனியார் சந்தை போடுவதென்றாலும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். நிலம் என்னுடையது என்ற பேச்சு எடுபடாது.

முதல் இடறல் சால்வன்சி சான்று, அதாவது ஏலத் தொகைக்கு ஈடாக உங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று தாசில்தார் தரும் சான்று. ஏல அறிவிப்பு வந்தபிறகு விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டுவதற்குள் தேதி முடிந்துவிடும். கூட்டுப் பட்டா நிலத்தைக் காட்டினால் முதல் மேசையிலேயே இழுபறி. பிப்ரவரிக்கு முன்பே ஓடுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தாலும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அதைத்தான் தோண்டி எடுப்பார்கள்.

அடுத்து நிபந்தனைப் படிவம். யாரும் படிப்பதில்லை. ஜிஎஸ்டி தனியா என்று பாருங்கள். ஏலத் தொகை மட்டும் கணக்குப் போட்டு வந்தவருக்கு அந்த ஒரு வரியே லாபத்தைத் தின்றுவிடும். சந்தை மூடப்பட்டால் குத்தகை குறையுமா என்றும் பாருங்கள். கால்நடைகளுக்குத் தொற்று பரவினால் 2009-ஆம் ஆண்டு நோய்த் தடுப்புச் சட்டப்படி சந்தையை மூட உத்தரவு வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மூடிய வாரங்களுக்குத் தள்ளுபடி கேட்டு நடையாய் நடந்தார். "மேலே எழுதியிருக்கோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தவணை கேட்டு நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தது.

சுங்கத் தொகையை நிர்ணயிப்பது உள்ளாட்சி. மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று பலகை வையுங்கள், ரசீது கொடுங்கள். விற்காமல் திரும்பும் மாட்டை மறித்து இன்னொரு முறை பிடுங்கும் ஆட்களை வாசலில் நிறுத்தாதீர்கள். புகார் உங்கள் பெயரில்தான் வரும், குத்தகையும் போகும். காலையில் கன்றோடு நடந்து வந்த விவசாயியிடம் போய் அடாவடி செய்வதில் என்ன வீரம்?

சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளைச் சொல்லி மிரட்டுவோர் இன்னும் உண்டு. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. ஆனால் 1978 போக்குவரத்து விதிகள் வேறு. அவை உயிரோடு இருக்கின்றன. லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். சந்தை நாளில் மருத்துவர் வந்து போக ஏற்பாடு செய்யாவிட்டால் வியாபாரிகள் சோதனைச் சாவடியில் நிற்பார்கள், அடுத்த வாரம் வேறு சந்தைக்குப் போய்விடுவார்கள். உங்கள் வசூலும் அவர்களோடு போகும்.

கையெழுத்துப் போட்ட அன்றே ஒப்பந்தத்தின் நகலை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். "அப்புறம் வாங்க" என்றால், எழுத்தில் கேட்டு அந்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் படி இறங்காதீர்கள்.