இன்ஜின் சூடு பாட்டிலில் தீராது

கோடை வந்தால் ஏற்காடு ஏறப் போன வண்டிகளில் சில, பாதி மலையில் நின்று, கயிறு கட்டி இழுக்கப்பட்டு சேலத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும். அது பழகிப்போன விஷயம். இந்த வருடம் எரிச்சலைக் கிளப்பியது வேறு. டிக்கியைத் திறந்தால் வண்டிக்கு வண்டி ஒரே மாதிரி காலி பாட்டில்கள். ‘கூலண்டில் கலந்தால் போதும், இன்ஜின் வெப்பம் இத்தனை டிகிரி குறையும்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆடிட்டிவ், அதாவது இன்ஜினை ஆற்றச் சுற்றும் திரவமான கூலண்டில் ஊற்றும் சேர்மானம்.

கடைசியாக வந்தது ஒரு பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் வெப்பம் காட்டும் முள் மேலே போகிறது என்று ஓனர் மார்ச்சிலேயே கவனித்திருக்கிறார். வீடியோ பார்த்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினார். பிறகு வேறு கம்பெனி பாட்டில் ஒன்று. “ஊத்தினதுக்கு அப்புறம் ஹைவேயில முள்ளு அசையவே இல்லையேண்ணே” என்றார். ஹைவேயில் எப்படி அசையும்? 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போதும், மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போதும்தான் ஃபேன் வேண்டும். அவர் வண்டியில் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே செத்துப்போயிருந்தது. சில நூறு ரூபாய் சாமான்.

கூலண்ட் ரிசர்வ் டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டால், பழுப்பு நிறத்தில் பசை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன், சிலிக்கேட் கலந்த பழைய வகைத் துருத்தடுப்பான். கார் கம்பெனியில் ஊற்றி அனுப்பிய கூலண்ட் ஆர்கானிக் ஆசிட் வகை. இரண்டும் சேர்ந்து திரிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்திருக்கிறது. சூடு தாங்காமல், சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டது. லேத்தில் ஹெட்டை ஃபேஸிங் செய்து தட்டையாக்கி, ரேடியேட்டர் மாற்றி, பில் ஐந்து இலக்கத்தைத் தாண்டியது.

சரி, எல்லோரும் நம்பும் அந்த விஷயத்துக்கு வருவோம். ‘ஆடிட்டிவ் ஊற்றினால் இன்ஜின் கூலாக ஓடும்.’ ஓடாது. ஓடவும் கூடாது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். கூலண்ட் ஆறினால் அது மூடிக்கொள்ளும், சூடேறினால் இன்னும் திறக்கும். நீங்கள் எவ்வளவு உசத்தியான திரவத்தை ஊற்றினாலும், வால்வு கொஞ்சம் குறைவாகத் திறந்து பழைய வெப்பத்துக்கே இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதன் வேலையே அதுதான். இன்ஜினை வடிவமைத்தவர்களுக்கு அந்தச் சூடு வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். 15 டிகிரி குறைப்பதாக பாட்டிலில் எழுதியிருப்பது உண்மையாக இருந்தால், அதை வாங்கவே கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

“முள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்” என்பவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த முள் நிஜ வெப்பத்தைக் காட்டுவதில்லை. நடுவில் ஒரு பெரிய இடைவெளி முழுக்க, வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி கம்பெனியே செய்திருக்கிறது. இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போதெல்லாம் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவீர்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்காமல் 5 டிகிரி குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றால் நான் நம்பமாட்டேன்.

ஆடிட்டிவ் முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நல்ல கம்பெனியின் பாட்டிலில் இருப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், கூடவே துருத்தடுப்பான். எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள உலோகம் மற்ற இடத்தை விடச் சூடு. அங்கே கூலண்ட் சின்னச் சின்னக் குமிழிகளாகக் கொதிக்கும். குமிழிகள் சட்டென்று விலகி ஈரம் உலோகத்தைத் தொட்டால் சூடு நன்றாக இறங்கும். விலகாமல் ஆவிப்படலமாக நின்றால் இறங்காது, காய்ந்த தோசைக்கல்லில் துளி ஒட்டாமல் உருண்டு ஓடுவது போல. அந்த இடத்தில் இந்தப் பொருள் உதவும். ஆனால் யாருக்கு? வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ரேஸ் வண்டிக்கு. கொட்டினால் பாதை வழுக்கும் என்பதால் பல ரேஸ் டிராக்குகளில் கிளைக்கால் (சாதாரணக் கூலண்டில் தண்ணீரோடு கலக்கும் திரவம்) கலந்த கூலண்டுக்குத் தடை உண்டு, அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்கள் காரில் ஏற்கெனவே கிளைக்கால் இருக்கிறது. அதில் இந்த ஆடிட்டிவின் பலன் சொற்பம். அதோடு, ரேடியேட்டரில் சூடு தடைப்படுவது பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில்தான், கூலண்ட் பக்கத்தில் இல்லை. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் பஞ்சும் அப்பிக் கிடக்கும்போது, உள்ளே எதைக் கலந்து என்ன?

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுகிறவர்கள். காசு அதிகம், ஆகவே குளிர்ச்சி அதிகம் என்ற கணக்கு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கிளைக்காலால் முடியாது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்டே தண்ணீரை விடச் சுமார் 15 சதவீதம் குறைவாகத்தான் சூட்டை ஏற்கும். கிளைக்கால் மட்டும் என்றால் அது இன்னும் மோசம். பிறகு எதற்கு அதைக் கலக்கிறோம்? கொதிநிலையை உயர்த்த, துருவும் உப்புப் படிவும் வராமல் தடுக்க, வாட்டர் பம்ப் சீல் கெடாமல் காப்பாற்ற. பாதிக்குப் பாதி கலவை, ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம் சரியாக இருந்தால் 125 டிகிரியைத் தாண்டும் வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் இறுகிப்போனால் அது 108 டிகிரிக்கு வந்துவிடும். இந்த மூடியை எத்தனை பேர் மாற்றுகிறீர்கள்?

நம் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சூடு என்று வந்த வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு “இனி ஹீட் ஆகாது சார்” என்று அனுப்பாதீர்கள். பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழி) உள்ள இன்ஜினில் அந்த வால்வு இல்லையென்றால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். மலையில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். நீங்கள் கழற்றியதற்குத் திட்டு வாங்குவது நான்.

நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். ரெடி மிக்ஸ் வாங்கினால் தண்ணீர் சேர்க்காதீர்கள். கான்சென்ட்ரேட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, சூடான சிலிண்டர் சுவரிலும் படியும். லீக் அடைக்கும் பவுடரும் வேண்டாம், ஓட்டையோடு சேர்த்து ஹீட்டரையும் அடைத்துவிடும்.

சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நிற்கும்போது ஏறினால் ஃபேன் பக்கம் பார்ப்போம். ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட். வெளியே சொட்டே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுவோம். ரேடியேட்டர் வாயில் சோதனைத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை வைத்து, அந்த நீலத் திரவம் மஞ்சளாகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும், எரிந்த புகை கூலண்டுக்குள் வருகிறதா இல்லையா என்று.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அது வழியாக வெளியேறும். வேர்க்கும், பரவாயில்லை. சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், ‘அடுத்த ஊர் வரைக்கும்’ என்று ஓட்டாதீர்கள். மூடியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியோடு தொட்டுப் பார்த்து, சூடு ஆறியிருந்தால் மட்டும், மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறங்கள்.

மீதிக் கூலண்டை தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். தெருநாய் நக்கும் இடத்தில் கொட்டவும் வேண்டாம். வந்த கேனிலேயே இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வடித்த பழையதை சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள்.