முதுகில் ஏறும் டைட்டானியம்: சட்டம் நமக்கு என்ன தருகிறது?

முதுகு வளைவை நிமிர்த்த ஆபரேஷன் என்றதும் வீட்டில் எழும் கேள்விகள் இரண்டுதான். ஆபத்து ஒன்றும் இல்லையே? எவ்வளவு ஆகும்? உள்ளே வைக்கப்போகும் ஸ்க்ரூவையும் ராடையும் யார் செய்தார்கள், அவர்களுக்கு லைசென்ஸ் உண்டா, பத்து வருடம் கழித்து ஏதாவது என்றால் அது எந்த கம்பெனிச் சரக்கு என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. இவற்றுக்கான பதில் மருத்துவச் சாதன விதிகள், 2017 என்ற தொகுப்பில் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மத்திய அரசு அறிவித்து, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் விதிகள் இவை.

ஒரு வேடிக்கை: சட்டத்தின் கண்ணில் அந்த ஸ்க்ரூ ஒரு மருந்து. 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ், 2005-ல் இதய ஸ்டென்ட், கண் லென்ஸ் முதலியவற்றோடு எலும்பில் வைக்கும் இம்பிளான்ட்டுகளையும் 'மருந்து' என்று அறிவித்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் அந்தக் கணக்கில் வந்துவிட்டன. அதனால் மாத்திரைக்கு இருப்பது போலவே ஸ்க்ரூவுக்கும் தயாரிப்பு லைசென்ஸ், பேட்ச் எண், ஆய்வு, திரும்பப் பெறுதல் எல்லாம் உண்டு.

விதிகள் சாதனங்களை ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கின்றன. முதுகெலும்பில் நிரந்தரமாக வைக்கும் பெடிக்கிள் ஸ்க்ரூ, ராடு, கேஜ் ஆகியவை சி வகை. ஏ, பி வகைகளைத் தயாரிக்க மாநில அரசின் லைசென்ஸ் போதும். சி, டி வகைகளுக்கு டெல்லியிலுள்ள மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ-தான் தர வேண்டும். இங்கே தயாரிப்பவருக்கு அது எம்டி-9 படிவத்தில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் எம்டி-15 என்ற இறக்குமதி லைசென்ஸ். இந்த இரண்டு படிவ எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பாடு.

எப்படிச் செய்கிறார்கள்?

வளைந்த முதுகை நிமிர்த்தும்போது, ஒவ்வொரு எலும்பின் பின்புறமும் இரு பக்கமாக உள்ள பெடிக்கிள் என்ற குறுகிய பாலம் போன்ற பகுதி வழியாக ஸ்க்ரூவை ஏற்றுவார்கள். ஸ்க்ரூவின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். வேண்டிய வடிவுக்கு வளைத்த ராடை அந்தப் பள்ளங்களில் உட்காரவைத்து, மேலே சின்ன செட் ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். டிஸ்க்கை எடுத்த இடத்தில் சிலருக்குக் கேஜ் என்ற சிறு கூண்டை வைப்பார்கள். அது பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் இருக்கும், அல்லது டைட்டானியத்தில். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பக்கவாட்டு வளைவில் கோணம் 45, 50 டிகிரியைத் தாண்டும்போதுதான் பொதுவாக ஆபரேஷன் பேச்சே வரும். அந்த மாதிரி ஆபரேஷனில் ஒரே முதுகில் இருபது ஸ்க்ரூ வரை போவதுண்டு. உலோகக் கம்பி வைத்து முதுகை நிமிர்த்தும் முறையை அமெரிக்காவின் ஹூஸ்டனில் போலியோ தாக்கிய பிள்ளைகளுக்காக உருவாக்கியவர் பால் ஹாரிங்டன். தன் முடிவுகளை அவர் 1962-ல் வெளியிட்டார். அன்றைய எஃகுக் கம்பியும் கொக்கியும் போய் இன்று ஸ்க்ரூ வந்திருக்கிறது.

இப்போதைய ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை டைட்டானியக் கலவை. டைட்டானியத்தோடு சுமார் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. உலோகத்தை உருக்கும் ஆலையிலிருந்து உருண்டைக் கம்பியாக வரும்போதே, எந்தத் தடவை உருக்கியது என்று காட்டும் ஓர் எண்ணும், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற சான்றிதழும் கூட வரும். அங்கிருந்துதான் ஸ்க்ரூவின் ஜாதகம் தொடங்குகிறது. கம்பியை சிஎன்சி லேத் என்ற கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து மரை வெட்டி, தலையைத் தனியாகக் கடைந்து இணைப்பார்கள். பிசிறு எடுத்து, மேற்பரப்பைச் சீராக்கி, கடைசல் எண்ணெய் துளியும் தங்காமல் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுவார்கள். எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும் இந்த ஸ்க்ரூக்கள் கையில் எடுத்தால் நீலம், பொன், பச்சை, ஊதா என்று பல நிறத்தில் இருக்கும். சாயமோ பெயின்ட்டோ கிடையாது. திரவத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சும்போது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. வோல்டேஜை மாற்றினால் படலத்தின் தடிமன் மாறும், அதோடு நிறமும் மாறும். 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ எது, 6.5 எது என்று தியேட்டரில் சட்டென்று பிரித்து எடுக்கத்தான் இந்த நிற ஏற்பாடு. பிறகு லேசரால் அளவையும், எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் எண்ணையும் பொறிப்பார்கள்.

சோதனை கொஞ்சம் கடுமையானது. இரண்டு பாலிஎத்திலீன் கட்டைகளை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, நடுவில் ஓர் எலும்பே இல்லாதது போல இடைவெளி விட்டு, ஸ்க்ரூவையும் ராடையும் மாட்டி, 50 லட்சம் தடவை வரை அழுத்தி அழுத்தி விடுவார்கள். எலும்பின் துணை துளியும் இல்லாமல் முழுப் பாரமும் உலோகத்தின் மேல் விழும் மிக மோசமான நிலை அது. உடம்புக்குள் அப்படி இருக்கக் கூடாது. ஸ்க்ரூவும் ராடும் எலும்பு ஒன்றோடொன்று ஒட்டும் வரை தாங்கிப் பிடிப்பதற்குத்தான். எலும்பு ஒட்டவே இல்லை என்றால், எவ்வளவு நல்ல உலோகமும் என்றாவது ஒருநாள் களைத்து முறியும். ராடு முறிந்தால் 'டூப்ளிகேட் சாமான் வைத்துவிட்டார்கள்' என்று உடனே சண்டைக்குப் போவதற்கு முன் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

தடம் எங்கே முடிகிறது?

விதிகளின் ஐந்தாம் அட்டவணை தயாரிப்பாளரின் தர மேலாண்மை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஐஎஸ்ஓ 13485 என்ற உலகத் தரத்தை ஒட்டியது அது. உடலுக்குள் வைக்கும் சாதனங்களுக்கு அதில் கூடுதல் நிபந்தனை உண்டு. எந்தப் பொருளில், எந்தச் சூழலில் செய்தோம் என்ற பதிவு வேண்டும். டீலர்களும் விநியோகப் பதிவு வைத்திருக்க வேண்டும். பெட்டி யாருக்குப் போனது என்று பெயர், முகவரியோடு எழுத வேண்டும். ஆக உலோகத்தை உருக்கும் ஆலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை தடம் இருக்கிறது. பெட்டியைப் பெற்றுக்கொள்வது ஆஸ்பத்திரி. அங்கிருந்து எந்த ஸ்க்ரூ யார் முதுகுக்குப் போனது என்பதைச் சொல்ல நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டும் லாட் எண் ஸ்டிக்கரையோ, கையால் எழுதும் எண்ணையோ தவிர வேறு சாட்சி இல்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி இதுதான்.

அது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதுகில் இல்லை, இடுப்பில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ நிறுவனம் தயாரித்த ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, நிறுவனத்தின் உதவி எண் மூலம் தடம் தெரிந்தவர்கள் சுமார் 1,080 பேர் மட்டுமே. 2018-ல் 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி வரை இழப்பீடு தரும் கணக்கு வகுத்தார்கள். தன் இடுப்பில் இருப்பது எந்தக் கம்பெனி மூட்டு என்று காட்ட முடியாதவர் அந்தப் பணத்தை எப்படிக் கேட்பது?

முதுகு ஆபரேஷனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிருமி நீக்கி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பாக்கெட்டில் வரும் ஸ்க்ரூ என்றால் பாக்கெட்டோடு ஸ்டிக்கர்களும் வரும், எடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் நம் ஊரில் பல இடங்களில் டீலரிடமிருந்து 'செட்' வரும். ஒரு பெரிய தட்டில் எல்லா அளவு ஸ்க்ரூவும் இருக்கும். ஆஸ்பத்திரியிலேயே ஆட்டோகிளேவ் செய்து, அதாவது நீராவியில் கிருமி நீக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது ஸ்க்ரூ மேல் பொறித்த லாட் எண்ணை நர்ஸோ டீலரின் ஆளோ பார்த்து எழுதினால்தான் உண்டு. முறையாக எழுதும் இடங்களும் இருக்கின்றன. 'டைட்டானியம் ஸ்க்ரூ 8, ராடு 2' என்று மட்டும் எழுதி முடிப்பதும் நடக்கிறது.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதை விதி 44 சொல்கிறது: சாதனத்தின் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், லாட் அல்லது பேட்ச் எண், தயாரித்த தேதி, லைசென்ஸ் எண், கிருமி நீக்கியதா இல்லையா. இறக்குமதி என்றால் அதற்கான லைசென்ஸ் எண். காலாவதித் தேதி இல்லையே என்று பதற வேண்டாம். கிருமி நீக்காமல் வரும் டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமான்களுக்கு அது தேவையில்லை என்று அதே விதி விலக்கு தருகிறது. கிருமி நீக்கிய பாக்கெட்டுக்குத் தேதி கட்டாயம்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? ஆபரேஷனுக்கு முன்பே, வைக்கப்போகும் இம்பிளான்ட்டின் கம்பெனி, மாடல், உலோகம், எம்டி-9-ஆ எம்டி-15-ஆ என்று கேட்டுவிடுங்கள். நகைக்கடையில் ஹால்மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நமக்கு இதைக் கேட்க என்ன கூச்சம்? டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியில் லாட் எண்கள் வந்திருக்கின்றனவா, ஸ்டிக்கரின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் மருத்துவப் பதிவுகளைக் கேளுங்கள். 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளியின் பதிவை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதும் உள்ளே இருப்பது எந்த உலோகம் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

விலை விஷயத்தில் சட்டம் பாதி தூரம்தான் வருகிறது. இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும் முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தது. முதுகெலும்பு ஸ்க்ரூ, ராடுக்கு அப்படி உச்சவரம்பு வைக்கப்படவில்லை. 2020 ஏப்ரல் முதல் எந்தச் சாதனத்தின் எம்ஆர்பி-யையும் 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஏற்றத்தைத்தான் அது தடுக்கும். தொடக்க விலையே ஏகத்துக்கு இருந்தால் ஒன்றும் செய்யாது. பில்லில் இம்பிளான்ட்டைத் தனி வரியாக, கம்பெனிப் பெயரோடு போடச் சொல்லுங்கள். அப்போதுதான் எம்ஆர்பி-யோடு ஒப்பிட முடியும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அதாவது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த இந்த ஏற்பாட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பட்டியலில் உள்ள முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் முன் அனுமதி வாங்குவது ஆஸ்பத்திரியின் வேலை. சிகிச்சை கட்டணமில்லாதது. 'ஆபரேஷன் ஃப்ரீ, ஸ்க்ரூவுக்கு மட்டும் வெளியே கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். இம்பிளான்ட் வைத்த ஆபரேஷன் என்றால் காப்பீட்டுக்காரர்கள் பில்லோடு ஸ்டிக்கரையும் கேட்பார்கள். எனவே ஆஸ்பத்திரியிடம் அது இருக்க வேண்டும், நகல் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்க்ரூ தளர்ந்தாலோ ராடு முறிந்தாலோ, மருத்துவரிடம் போவது முதல் வேலை. அதோடு புகாரும் பதிவாக வேண்டும். சாதனங்களால் வரும் பாதிப்புகளைத் திரட்ட 2015 ஜூலையில் மெட்டீரியோவிஜிலென்ஸ் என்ற தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவர், நர்ஸ், நோயாளி யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800 180 3024. எதிர்பாராத கடுமையான பாதிப்பு என்றால், தெரிய வந்த 15 நாளுக்குள் லைசென்ஸ் அதிகாரிக்குச் சொல்லும் கடமை கம்பெனிக்கும் இருக்கிறது. ஸ்க்ரூவை வெளியே எடுக்க நேர்ந்தால், அதைத் தூக்கிப் போடாமல் லாட் எண் தெரியும்படி படம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். புகாரோடு அந்த எண்ணையும் கேட்பார்கள்.