சம்ப் தோண்டும்போது கிடைத்த வெள்ளைக் குழாய்

பெங்களூர் அல்சூரில் வீட்டு முன்னால் சம்ப் தோண்டும்போது கிடைத்ததென்று ஒரு பெரியவர் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். விரல் நீளத் துண்டு, நடுவில் மெல்லிய துளை. "ஏம்மா, இது திப்பு காலத்துச் சிலிம்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். சிலிம் என்பது நம்மூர் மண் புகைக்குழல். பழைய மண்பாண்டங்களைப் பார்த்துக் காலமும் ஊரும் கணிப்பது என் வேலை.

கையில் வாங்கியதும் மனசு கனத்துவிட்டது. அழுக்குப் போகட்டும் என்று கழிப்பறை ஆசிட்டில் ஓர் இரவு ஊறப்போட்டு, உப்புத்தாளாலும் தேய்த்திருக்கிறார். தண்டின் ஒரு பக்கம் 'கிளாஸ்கோ' தெரிகிறது. மறுபக்கத்துப் பெயரில் முதல் எழுத்துகள் தேய்ந்துபோய் 'டூகல்' மட்டும் மிச்சம்.

நல்லவேளையாக, அது போதும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்டூகல் என்ற சுங்கான் (புகைபிடிக்கும் குழாய்) தொழிற்சாலை 1840களில் தொடங்கி 1960கள் வரை நடந்தது. கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்பியவர்கள். திப்பு இறந்தது 1799இல். பெங்களூரில் ஆங்கிலேயப் படைக் குடியிருப்பான கண்டோன்மென்ட் வந்தது 1809இல், அதுவும் அல்சூரை ஒட்டியே. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் புகைத்து, உடைந்ததும் வீசிய சுங்கானாகத்தான் இது இருக்கும்.

எழுத்தே இல்லாவிட்டாலும் வழி உண்டு. நம்மூர்ச் சிலிம் வளைவில்லாத புனல். குயவர் சக்கரத்தில் செய்வதால் உட்புறம் வளையம் வளையமாகக் கோடு ஓடும். ஐரோப்பியச் சுங்கான் இரண்டு பாதி அச்சுக்குள் வெள்ளைக் களிமண்ணை அழுத்திச் செய்தது. கம்பி விட்டுத் துளை போடுவார்கள். அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய தழும்பு இருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும், உப்புத்தாள் படாமல் இருந்தால். புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்கு அடியில் குதிகால் மாதிரி ஒரு முனை உண்டு. நெதர்லாந்தின் கௌடா ஊர்க்காரர்கள் அதில்தான் முத்திரை குத்தினார்கள். கிண்ணம் குட்டியாக இருந்தால் பெரும்பாலும் பழசு. புகையிலை விலை அதிகமாயிருந்த காலத்தில் சிட்டிகை அளவுக்குத்தான் அடைத்தார்கள். தண்டில் 'ஸ்காட்லாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கிய 1891க்குப் பிந்தையது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

துளையை அளந்தால் வருடம் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 1954இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், காலம் போகப்போகத் துளை சிறுத்துக்கொண்டே வந்ததைக் காட்டினார். டிரில் பிட்டை உள்ளே விட்டு, அங்குலத்தில் அறுபத்து நான்கில் எத்தனை பங்கு என்று பார்ப்பது அவர் முறை. 1600களின் தொடக்கத்தில் 9 பங்கு, 1700களின் பிற்பகுதியில் 4. குவியலாகக் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒற்றைத் துண்டுக்கு, அதிலும் 19ஆம் நூற்றாண்டுத் துண்டுக்கு, உதவாது.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இப்படி ஏதாவது கிடைத்தால் வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், நிழலில் காயவைத்தல், அவ்வளவே. ஆசிட்டின் உப்பு நுண்துளைகளில் தங்கி, பின்னாளில் மேற்பரப்பை உதிர்க்கும். கிண்ணத்தின் உள்கரியைச் சுரண்டாதீர்கள். புகைத்தது என்ன என்பதற்கு அதுதான் சாட்சி. எந்த மூலையில், எத்தனை அடி ஆழத்தில், பக்கத்தில் எதனுடன் கிடைத்தது என்று அங்கேயே எழுதிப் படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். புதைந்து கிடைத்த பொருள் மதிப்புள்ளதாயிருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது புதையல் சட்டம்.

ஆழத்தைக் கேட்டதும் பெரியவர் திகைத்தார். "மண்ணை டிராக்டர்ல அள்ளிட்டுப் போயிட்டாங்களேம்மா." பாதி மண் இன்னும் வாசலில் கிடப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுவாரம் பேரன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். மேலே பேனாவில் 'கிழக்கு மூலைக் குவியல்' என்று எழுதியிருந்தான். உள்ளே மண்ணோடு மண்ணாக இரண்டு கிண்ணத் துண்டுகள், உட்புறக் கரி கலையாமல்.