பேட்டரி உறையில் அச்சான ‘சி’யும் வேலூர் வெயிலும்

வேலூரில் பாலாற்று மணற்பரப்பில் பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடும் ஒருவரின் லித்தியம் பாலிமர் பேட்டரியில் 4எஸ், 1500 மில்லி ஆம்பியர் மணி, 75சி என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 4எஸ் என்றால் நான்கு செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன என்று பொருள். செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட் ஆதலால் மொத்தம் 14.8 வோல்ட். அடுத்த எண் கொள்ளளவு: 1.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும்.

குழப்பம் மூன்றாவது எண்ணில்தான். கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் மின்னோட்டமே 1சி. இங்கே அது 1.5 ஆம்பியர். அப்படியானால் 75சி என்பது 112.5 ஆம்பியர்; அந்த வேகத்தில் பேட்டரி 48 விநாடிகளில் காலியாகிவிடும். தயாரிப்பாளர்கள் இந்த எண்ணைத் தாராளமாகவே அச்சிடுகிறார்கள் என்பதால், நல்ல சார்ஜர்கள் அளந்து காட்டும் உள்மின்தடையை நம்புவதே மேல். மொத்த மின்தடை 20 மில்லி ஓம் உள்ள பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் எடுத்தால், ஒரு வோல்ட் உள்ளேயே இழக்கப்பட்டு, 50 வாட் வெப்பமாக மாறுகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும்.

அந்த 75, மின்னிறக்கத்துக்கு மட்டுமே உரியது. சார்ஜ் செய்வதற்கு, தயாரிப்பாளர் வேறு அளவு குறிப்பிடாதவரை, 1சி போதும். சார்ஜர் முதலில் மின்னோட்டத்தை நிலையாக வைத்து, செல் ஒன்று 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ள, மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. மொத்தம் 16.8 வோல்ட் என்று காட்டினாலும், ஒரு செல் 4.3 வோல்ட்டுக்கு ஏறி மற்றவை சற்றுப் பின்தங்கியிருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் மெல்லிய பேலன்ஸ் கம்பியை இணைக்காமல் சார்ஜ் செய்வது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

சித்திரை, வைகாசியில் வேலூரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, பறந்து இறங்கிய பேட்டரி அதனினும் சூடாக இருக்கும். அது ஆறிய பின்னரே சார்ஜரில் இட வேண்டும். முழுதாக ஏற்றிய பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் விட்டுவைப்பது அதைவிடக் கேடு: உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து மின்பகுபொருளைச் சிதைப்பதால் வாயு உண்டாகி உறை உப்புகிறது. மழையால் பறத்தல் தள்ளிப்போனால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி, மொட்டை மாடி அறையில் அல்லாமல் கீழ்த்தளத்தில் வைக்கலாம். உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யவோ, காற்றை வெளியேற்ற ஊசியால் குத்தவோ கூடாது.