ஹோமோலோகேஷன்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்

வண்டியில் இன்ஜினை மாற்றிவிட்டு, அதை ஆர்.சி.யில் ஏற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். சேஸ் எண் வெட்டியிருக்கும் இடத்தைத் துணியால் அழுந்தத் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். எண் தாளில் எழும்பி வரும். அதை ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா? வண்டி விதிக்கு ஒத்திருக்கிறதா என்று சோதித்து ஏற்பதை ஆங்கிலத்தில் ஹோமோலோகேஷன் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் இதே கேள்விதான்.

கிரேக்கத்தில் ‘ஹோமோஸ்’ என்றால் ஒரே மாதிரியான என்று பொருள். ‘லோகோஸ்’ என்றால் சொல். இரண்டும் கூடிய ‘ஹோமோலோகேயின்’ என்ற வினைக்கு ஒரே சொல்லைச் சொல்வது, அதாவது உடன்படுவது என்று பொருள். செய்ததை வாய்விட்டு ஏற்றுச் சொல்வதற்கும் அதே வினைதான். இப்போது தமிழைப் பாருங்கள். ‘ஒப்பு’ என்றால் நிகர். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் உடன்பட்டார் என்றும் பொருள். குற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்றும் பொருள். கிரேக்கன் நடந்த அதே வழியில் தமிழும் தனியே நடந்து வந்திருக்கிறது. நாம் போடும் கையொப்பத்திலும் இந்த ஒப்புதான் இருக்கிறது. ஆகவே ஹோமோலோகேஷனுக்குப் புதுச் சொல் ஆக்க வேண்டியதில்லை, ‘ஒப்புதல்’ போதும். தயாரிப்பாளர் மாதிரி வண்டி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்து, அந்த வகை முழுவதற்கும் பெறுவது ‘வகை ஒப்புதல்’. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ.யும் நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி.யும் அந்தச் சோதனையைச் செய்யும் நிலையங்கள்.

கார்ப் பிரியர்களுக்கு இந்தச் சொல் வேறு உருவில் அறிமுகம். 1962இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் உள்ள ‘ஓ’, ‘ஓமோலோகாட்டோ’ என்ற இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. பந்தய விதிக்கு ஒத்தது என்று ஒப்புதல் பெற்ற வண்டி என்பது அதன் பொருள்.

இதை ‘அனுமதி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு என்பேன். அனுமதி என்பது பெர்மிட். போகலாம், ஓட்டலாம் என்று விடுவது. ஒப்புதலில் ஒரு ஒப்பீடு இருந்தாக வேண்டும். எதோடு எது ஒத்தது என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்கு உயிரில்லை. நம் சட்டம் மாறிய கதையே அந்தக் கேள்விக்கான விடை மாறிய கதைதான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முதலில் வண்டியை ஆர்.சி.யோடு ஒப்பிட்டது. ஆர்.சி.யில் உள்ள விவரம் பொய்யாகிப் போகும்படி மாற்றக் கூடாது. மாற்றுவதென்றால் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள் என்றது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்பிடும் பொருளையே மாற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து வண்டி விலகவே கூடாது என்றது. பேட்டரி, சி.என்.ஜி. போன்ற எரிபொருள் மாற்றத்துக்கும், அதே வகை இன்ஜின் மாற்றத்துக்கும் மட்டும் வழி விட்டது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், முறையில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

அப்படியானால் தயாரிப்பாளரே இல்லாத வண்டி? பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பட்டறையில் பொருத்தி ஓட்டும் சென்னை மீன்பாடி வண்டியை எதோடு ஒப்பிடுவது? விதிக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் ஃபாரம் 22 இல்லை; அதனால் ஆர்.சி. இல்லை. பிரிட்டனில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர் போன்றோருக்காக 1998இல் எஸ்.வி.ஏ. என்ற தனிவண்டிச் சோதனை வந்தது, 2009இல் அதன் இடத்துக்கு ஐ.வி.ஏ. வந்தது. ஒப்பிட வேறு வண்டி இல்லாததால் அந்த ஒரே வண்டியை நேராக விதியோடு ஒப்பிடுகிறார்கள். கை படும் விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும் என்பது வரை பார்ப்பார்கள். இதற்கு ‘தனிவண்டி ஒப்புதல்’ என்பது சரியான தமிழ். சொல் தயாராக இருக்கிறது. மீன்பாடி வண்டிக்காரருக்கு அப்படி ஒரு வாசல்தான் இங்கே இல்லை.

2019 திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இரு பக்கமும் சின்னச் சக்கரம் பொருத்தி, நடக்க முடியாதவர் ஓட்டும் ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். பழைய சட்டத்தில் ‘இன்வேலிட் கேரேஜ்’ என்ற பெயர் இருந்தது. உடல் முடியாதவர் வண்டி என்று மனிதரைச் சுட்டிய பெயர். அதை எடுத்துவிட்டு ‘அடாப்டட் வெகிக்கிள்’ என்று ஆக்கினார்கள். ‘தகவமைத்த வண்டி’ என்று சொல்லலாம். தகவமைப்பு வண்டிக்குத்தான், மனிதருக்கு அல்ல. இந்த மாற்றத்துக்கு மட்டும் சட்டம் வரிசையையும் திருப்பி வைத்தது. விதித்த நிபந்தனைப்படி முதலில் சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளலாம், பிறகு பதிவு அலுவலரிடம் ஒப்புதல் பெறலாம். இதற்கு ‘பின்னொப்புதல்’ என்று எழுதுகிறேன்.